கொக்கியில் தொடங்குங்கள்: வீட்டு உலையில் இரும்பு அடிக்கப் பழகும் முறை

இரும்பு அடிக்கப் பழக வேண்டும் என்று வருகிறவர்கள் பெரும்பாலும் முதல் நாளே அரிவாள் அடிக்கத்தான் ஆசைப்படுகிறார்கள். நானும் அப்படித்தான் போனேன். எங்கள் ஊர்க் கொல்லுப்பட்டறையில் ஆசாரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். மூலையில் கிடந்த 8 மி.மீ. கம்பி ஒன்றைக் காலால் என் பக்கம் தள்ளிவிட்டார்.

"இதுல ஒரு கொக்கி பண்ணு தம்பி. அரிவா எங்கயும் ஓடிப்போகாது."

அந்தக் கொக்கிக்கு ஒரு மத்தியானம் முழுக்கப் போனது. கடைசியில் கையில் இருந்ததைப் பார்த்து, டீ கொண்டுவந்த பையன், "இது என்னண்ணே, மண்புழுவா?" என்று கேட்டான். கேட்டதில் தப்பில்லை.

ஆகவே இங்கே அரிவாள் கிடையாது. மூன்றே பொருள்கள்: எஸ் கொக்கி, தோசைத் திருப்பி, களைக்கொத்தி. கொக்கியில் இரும்பை நீட்டவும் வளைக்கவும் கை பழகும். தோசைத் திருப்பியில் விரிக்கப் பழகும். களைக்கொத்தியில்தான் தோய்ச்சல் வரும், அதாவது வெட்டும் இரும்புக்குப் பதம் ஏற்றுவது. இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

இடமும் உடுப்பும்

மண் தரை வேண்டும். கூரைக் கொட்டகைக்குள் வேண்டவே வேண்டாம். கரி பொரிந்து பறக்கும். மொட்டை மாடியும் சரிப்படாது. சூடான இரும்பு சிமெண்டுத் தரையில் விழுந்தால் தரை சில்லுச் சில்லாகத் தெறிக்கும். மூடிய அறைக்குள் கரி எரித்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. தலை சுற்றும்போது காலம் கடந்திருக்கும்.

உச்சி வெயிலும் ஆகாது. வெயிலில் இரும்பின் நிறம் தெரியாது, நிறம் தெரியாவிட்டால் இந்த வேலையே இல்லை. மரநிழல், சாய்ப்புக்கு அடியில், அல்லது சாயங்காலம் நாலரைக்கு மேல்.

பருத்தித் துணிதான் போட வேண்டும். பாலியஸ்டர் லுங்கியில் ஒரு பொறி விழுந்தால் துணி உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். மூடிய தோல் செருப்பு அல்லது பூட்ஸ், பேன்ட் அதன் மேல் விழுந்திருக்க வேண்டும். உள்ளே செருகினால் பொறி நேராக உள்ளே போகும். கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். சுத்தி பிடிக்கும் கையில் உறை வேண்டாம், வழுக்கும். பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர், ஒரு வாளி மணல்.

இதை மட்டும் நெஞ்சில் எழுதிக்கொள்ளுங்கள்: கருப்பாகத் தெரியும் இரும்பு ஆறிய இரும்பு இல்லை. 500 டிகிரிக்குக் கீழே வந்தாலே இரும்பின் செம்மை கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும், ஆனால் 300 டிகிரியில் அது தோலை உரித்துவிடும். என் இடது கட்டைவிரலில் இன்னும் ஒரு வழவழப்பான தழும்பு இருக்கிறது. தரையில் கிடந்த கருப்புத் துண்டை 'அதுதான் ஆறிப்போச்சே' என்று எடுத்த கதை. எதை எடுத்தாலும் முதலில் புறங்கையை அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள். சுட்டுவிட்டால் ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். இங்க், பற்பசை, தோசை மாவு எதுவும் பூசாதீர்கள். கொப்புளம் பெரிதாக இருந்தால் மருத்துவரிடம் போங்கள்.

உலை

பழைய பட்டறைகளில் ஆட்டுத்தோல் துருத்தி இருக்கும். இப்போது கையால் சுற்றும் புளோயர் கிடைக்கிறது, கரண்டில் ஓடுவதும் கிடைக்கிறது. நான் கைப்புளோயரைத்தான் சொல்வேன். கரண்டு புளோயர் தன் பாட்டுக்கு ஊதிக்கொண்டே இருக்கும். நீங்கள் போனை எடுத்துப் பேசி முடிப்பதற்குள் இரும்பு எரிந்துபோயிருக்கும். கையை எடுத்தால் காற்று நின்றுவிடுவது கைப்புளோயரில் உள்ள நல்ல குணம். எதுவும் கிடைக்கவில்லை என்றால் பழைய ஹேர் டிரையரைக் குளிர்காற்றில் வைத்து ஓட்டலாம்.

உலை கட்ட செங்கல், களிமண், மணல், ஒரு குழாய் போதும். களிமண்ணில் மூன்றில் ஒரு பங்கு மணல் கலந்து, நறுக்கிய வைக்கோல் கொஞ்சம் போட்டு மிதித்துப் பிசையுங்கள். செங்கல்லைச் சதுரமாக அடுக்கி, உள்ளே அந்த மண்ணால் 20 செ.மீ. அகலம், 10 செ.மீ. ஆழத்தில் ஒரு கிண்ணம்போல் குழியுங்கள். குழியின் அடியிலிருந்து மூன்று விரல் உயரத்தில், பக்கவாட்டில் குழாய் உள்ளே வர வேண்டும். ஒன்றேகால் இஞ்ச் கருப்பு இரும்புக் குழாய், நீளம் இரண்டு அடிக்குக் குறையக் கூடாது. நீளம் குறைந்தால் புளோயர் சூடாகும். ஜி.ஐ. குழாய் கூடாது. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

கட்டிய அன்றே மூட்டாதீர்கள். மூன்று, நான்கு நாள் நிழலில் காயவிட்டு, அப்புறம் சின்னதாகச் சுள்ளித் தீ போட்டு மெதுவாக ஈரத்தை எடுங்கள். ஈர மண்ணில் பெருந்தீ மூட்டினால் ஆவி முட்டி வெடிப்பு விடும். சின்ன வெடிப்புகள் எப்படியும் வரும், மண் பூசி அடைத்துக்கொள்ளலாம்.

கரி மரக்கரிதான். ராமநாதபுரம், விருதுநகர் பக்கத்து மூட்டங்களில் சீமைக்கருவேலத்தைச் சுட்டு எடுக்கிற கரி மூட்டை மூட்டையாகக் கிடைக்கிறது. பழகுகிறவர்களுக்கு அதைவிட நல்ல கரி தேவையில்லை. கொட்டாங்குச்சிக் கரியும் நன்றாகச் சூடேறும். கரியை நெல்லிக்காய் அளவிலிருந்து எலுமிச்சை அளவுக்குள் உடைத்துக்கொள்ளுங்கள். பெரிய துண்டுகளுக்கு இடையில் காற்று புகுந்து ஓடும், இரும்பு சூடாகாமல் அதன் மேல் செதில்தான் கட்டும், அதாவது காற்றுப் பட்டுப் படியும் கருப்புப் பொருக்கு. தூள் கரி காற்றை அடைக்கும். நனைந்த கரி பொரிகடலைபோல் வெடிக்கும்.

தேங்காய் நாரையும் இரண்டு கொட்டாங்குச்சியையும் பற்றவைத்து மேலே கரியைப் போட்டு மெல்ல ஊதுங்கள். குழாய்க்கு மேல் ஒரு சாண் உயரத்துக்குக் கரி குவிந்திருக்க வேண்டும். இங்கேதான் எல்லோரும் தப்பு செய்கிறோம்: கரியை மிச்சம் பிடிக்கப் பார்ப்போம். மெலிந்த தீயில் இரும்பு சூடேற நேரம் பிடிக்கும், அந்த நேரத்துக்கும் சேர்த்துக் கரி எரியும். மிச்சமே ஆகாது.

காற்றை நிறுத்தும்போதெல்லாம் புளோயரைக் குழாயிலிருந்து கொஞ்சம் விலக்கி வையுங்கள். தீயிலிருந்து எரியும் வாயு குழாய்க்குள் பின்னோக்கி வந்து தங்கும். மறுபடி ஊதினால் 'டப்' என்று வெடிக்கும்.

பட்டறைக்கல்லும் சுத்தியும்

கல் என்று சொன்னாலும் அது இரும்புக் கட்டிதான். பழைய இரும்புக் கடைகளில் தண்டவாளத் துண்டை நீட்டுவார்கள். அருமையான இரும்பு, ஆனால் யோசித்து வாங்குங்கள். ரயில்வே சொத்து (சட்டவிரோத உடைமை) சட்டம், 1966 என்று ஒன்று இருக்கிறது. துண்டு முறையாக ஏலத்தில் வந்தது என்பதற்கு ரசீது இல்லாவிட்டால் உங்கள் வீட்டு வாசலில் கேள்வி வரும். அதற்குப் பதில் கனமான ஷாஃப்ட் துண்டு, தடித்த பிளேட் துண்டு, அல்லது 5 கிலோவுக்குக் குறையாத பழைய சம்மட்டித் தலை போதும். சம்மட்டித் தலையை மரக்கட்டையில் பாதிக்குக் குடைந்து இறக்கி, முகம் மேலே பார்க்க வைத்தால் இந்தக் கட்டுரையில் உள்ள எல்லா வேலையும் அதில் நடக்கும்.

கட்டை ஆடக் கூடாது. மண்ணில் ஒரு முழம் புதைத்து, சுற்றிக் கல் போட்டுக் கெட்டியுங்கள். நின்று அடிப்பதென்றால், கையைத் தொங்கவிட்டு முஷ்டி மடக்கினால் விரல் மொளி எந்த உயரத்தில் நிற்கிறதோ, கல்லின் முகம் அங்கே இருக்கட்டும். நம் ஆசாரிமார் பலர் தரையோடு தரையாகக் கல்லை வைத்து, குந்தியிருந்தே அடிப்பார்கள். எதிரில் ஒருவர் நின்று சம்மட்டி போடுவார். வட மாநிலங்களிலிருந்து வந்து நெடுஞ்சாலை ஓரம் கூடாரம் போட்டு அடிக்கிற குடும்பங்களைக் கவனித்திருக்கிறீர்களா? கணவர் உட்கார்ந்து இரும்பைத் திருப்பிக் கொடுக்க, மனைவி சம்மட்டியை வீசுவார். அடுத்த தடவை வண்டியை நிறுத்திப் பத்து நிமிடம் பாருங்கள். அந்த அம்மாவின் தோள் எப்படி அசைகிறது, சம்மட்டி எவ்வளவு சும்மா கீழே விழுகிறது என்று பார்த்தாலே பாதிப் பாடம் முடிந்துவிடும். ஆனால் நமக்குக் கூட ஆள் கிடையாது, முழங்காலும் பழகவில்லை. நின்றே அடிப்போம்.

சுத்தி ஒரு கிலோவுக்கு மேல் வேண்டாம். ஒரு பக்கம் தட்டை முகமும் மறுபக்கம் உருண்டையும் உள்ளது வாங்குங்கள். கடையிலிருந்து வரும்போது முகத்தின் விளிம்பு கூராக இருக்கும்; அரத்தால் தேய்த்து மழுக்குங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு அடியும் இரும்பில் பிறைபோல் வெட்டும். பிடி இறுக்கமாக இருக்கக் கூடாது. முட்டையைப் பிடிப்பதுபோல் என்பார்கள், அது கொஞ்சம் கூடுதல். சைக்கிள் ஹேண்டில் பிடிப்பதுபோல் பிடித்தால் போதும். அடித்த பின் சுத்தி தானாக எழும்பும், அதை அடக்காதீர்கள்.

குறடு? முதல் இரண்டு வாரத்துக்கு வாங்கவே வேண்டாம். கம்பியை இரண்டடி நீளமாகவே வைத்து, ஒரு முனையைக் கையில் பிடித்து மறுமுனையில் வேலை செய்யுங்கள். குறட்டிலிருந்து துள்ளி விழும் சிவந்த துண்டுதான் புதியவர்களைச் சுடுகிறது.

எந்த இரும்பு

கொக்கிக்கும் தோசைத் திருப்பிக்கும் எம்.எஸ். என்று கடையில் சொல்கிற மென்னிரும்பு. கார்பன் கால் சதவீதத்துக்குள் இருக்கும். எத்தனை தடவை காய்ச்சினாலும் பொறுத்துக்கொள்ளும். எடைக்குத்தான் விற்பார்கள். கணக்கு எளிது: விட்டத்தை மி.மீ.யில் எடுத்து, அதன் வர்க்கத்தை 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். 8 மி.மீ. கம்பி மீட்டருக்கு சுமார் 400 கிராம். மூன்று மீட்டர் வாங்கினால் ஒன்றேகால் கிலோவுக்குக் கொஞ்சம் குறையும், பத்துக் கொக்கிக்குத் தாராளம்.

ஜி.ஐ. கம்பி, ஜி.ஐ. குழாய், முலாம் பூசிய போல்ட் எதையும் உலையில் வைக்காதீர்கள். மேலே இருப்பது துத்தநாகம். அது 907 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகும், உலையின் சூடு அதையும் தாண்டிப் போகும். அந்த வெள்ளைப் புகையைச் சுவாசித்தால் சில மணி நேரம் கழித்துக் குளிர்ஜுரம் வந்தாற்போல் உடம்பு நடுங்கும். அதற்காகத்தான் காற்றுக் குழாய்க்கும் கருப்பு இரும்பு கேட்டேன். பெயின்ட் அடித்த இரும்பும் வேண்டாம்.

நிறம்

புத்தகங்களில் டிகிரி போட்டிருப்பார்கள். உலைக்குப் பக்கத்தில் டிகிரி யாருக்குத் தெரிகிறது? நான் பழத்தை வைத்துப் பழகினேன். செவ்வாழைத் தோல் நிறம் வந்தால் 650 டிகிரிப் பக்கம். அடித்துப் பயனில்லை, லேசாக நிமிர்த்தலாம் அவ்வளவுதான். பழுத்த மிளகாய்ச் சிவப்பு 800. பப்பாளிச் சதை நிறம் 950, 1000. நன்றாகப் பழுத்த மாம்பழ மஞ்சள் 1100க்கு மேல்; அதுதான் மென்னிரும்பை நீட்டவும் விரிக்கவும் நல்ல சூடு. அதைத் தாண்டி வெளுத்து, மத்தாப்புபோல் பொறி விட்டால் இரும்பே எரிகிறது. அந்த முனையை வெட்டி எறிய வேண்டியதுதான், திரும்பாது.

மாம்பழ மஞ்சளில் எடுத்து, பப்பாளியில் அடித்து, மிளகாயில் நிறுத்தி, திரும்ப உலைக்குக் கொண்டுபோங்கள். 8 மி.மீ. கம்பியில் இதெல்லாம் பத்துப் பன்னிரண்டு வினாடிக்குள் நடந்துவிடும். ஆகவே உலையிலிருந்து எடுத்தபின் யோசிக்கக் கூடாது. எங்கே அடிக்கப்போகிறோம், எத்தனை அடி என்பதை இரும்பு தீயில் இருக்கும்போதே முடிவு செய்ய வேண்டும். நான் முதல் நாள் செய்ததெல்லாம் நேர்மாறு. இரும்பை எடுத்து, உற்றுப் பார்த்து, சுத்தியைத் தேடி, அப்புறம் அடித்தேன். ஆசாரி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சத்தத்தை வைத்தே, "ஆறிப்போனத எதுக்குத் தம்பி அடிக்கிற? கைதான் வலிக்கும்" என்றார். சூடான இரும்பில் அடி 'தொப்' என்று விழும், ஆறிய இரும்பில் 'ணங்' என்று கேட்கும். காதையும் பழக்குங்கள்.

தீயில் கம்பியைக் குழாய் வாய்க்கு நேரே வைக்காதீர்கள். அங்கே பச்சைக் காற்று அடிக்கும், செதில் கட்டும். அதற்கு நாலு விரல் மேலே, கரிக்கு நடுவில், படுக்கை வாக்கில் செருகுங்கள். மேலே கரி மூடியிருக்கட்டும்.

முனை இழுப்பது

கொக்கிக்கு முன் இது ஒன்றுதான் பயிற்சி. கம்பியின் முனை இரண்டு அங்குலத்தைக் காய்ச்சி எடுங்கள். கல்லின் மேல் கம்பியைச் சற்றுச் சாய்த்து, பின்பக்கம் உயர்ந்திருக்கும்படி வையுங்கள். சுத்தியும் அதே அளவு சாய்ந்து விழட்டும். இரண்டு தடவை அடித்து, கம்பியைக் கால் வட்டம் திருப்புங்கள். இரண்டு அடி, திரும்ப அதே பக்கம் கால் திருப்பு. இப்படியே போனால் வட்டக் கம்பி சதுரமாகி, முனை கூர்ச்சதுரமாக நீளும். நுனியிலிருந்து தொடங்கிப் பின்னால் வாருங்கள். பின்னாலிருந்து தொடங்கினால் நுனி தடித்து நின்றுவிடும்.

வட்டமாகவே கூராக்கிவிடலாம் என்று உருட்டி உருட்டி அடிக்கத் தோன்றும். அடித்தால் மேற்பரப்பு மட்டும் நீண்டு, நடுவில் குழிந்து, மீன் வாய்போல் நுனி பிளக்கும். சதுரமாக நீட்டி முடித்து, அதன் நான்கு மூலைகளையும் தட்டி எட்டுப் பட்டை ஆக்கி, கடைசியில்தான் லேசான அடிகளால் உருட்ட வேண்டும். சதுரம் ஒரு பக்கம் சாய்ந்து கோணலானால், நீண்ட மூலையை மேலே நிறுத்தித் தட்டுங்கள். நிமிர்ந்துவிடும்.

ஒரு கம்பியில் ஐந்தாறு முனை இழுத்து வெட்டிப் போடுங்கள். அவை வீணில்லை, சுவரில் அடிக்கும் ஆணி.

எஸ் கொக்கி

கம்பியின் முனையில் 5 செ.மீ. நீளத்துக்குக் கூர் இழுங்கள். இழுத்தபின் அந்த 5 செ.மீ.யில் இருப்பது ஏறக்குறைய 2.5 செ.மீ. கம்பியின் இரும்புதான், மிச்சம் நீண்டது. இந்தக் கணக்கு தெரிந்தால் எவ்வளவு வெட்டுவது என்று புரியும்: 18 செ.மீ. கம்பி இரண்டு பக்கமும் இழுத்தபின் 23 செ.மீ. ஆகும்.

நுனியைக் காய்ச்சி, கல்லின் ஓரத்துக்கு வெளியே ஒரு செ.மீ. நீட்டி, மெதுவாகக் கீழே தட்டுங்கள். வளைந்ததும் கம்பியைத் திருப்பி, வளைவு மேலே பார்க்க வைத்து, நுனியை உங்கள் பக்கமாகத் தட்டினால் பூனைவால்போல் சுருளும். இந்தச் சுருள் அழகுக்கு மட்டும் இல்லை. இருந்தால்தான் கொக்கி கையையும் துணியையும் கிழிக்காது.

இப்போது முதல் முனையிலிருந்து அளந்து உளியால் வெட்ட வேண்டும். கல்லின் மேல் ஒரு பழைய இரும்புத் தகட்டைப் போட்டுவிட்டு வெட்டுங்கள், இல்லாவிட்டால் உளி வாய் போய்விடும். முக்கால் பங்கு வெட்டியபின் ஓரத்தில் வைத்து ஒடித்துவிடலாம். இரண்டாவது முனைக்கு மட்டும் குறடு வேண்டும். பூட்டிப் பிடிக்கும் பிளையர் ஒன்று இருந்தாலே போதும். அதிலும் கூர் இழுத்து, முதல் சுருளுக்கு எதிர்ப்பக்கமாகச் சுருட்டுங்கள். அப்புறம் ஒரு அங்குலக் குழாய்த் துண்டைக் கல்லின் மேல் வைத்து, கொக்கியின் ஒரு பாதியைக் காய்ச்சி அதன் மேல் வளையுங்கள். மிளகாய்ச் சிவப்பு போதும், பலமாக அடிக்க வேண்டாம்; பலமாக அடித்தால் வளைவு தட்டையாகும். மறு பாதிக்கு முன் முதல் வளைவைத் தண்ணீரில் முக்கி எடுங்கள், அது அசையாமல் இருக்கும். மென்னிரும்பு என்பதால் தண்ணீர் கெடுதல் செய்யாது.

முடிந்ததும் கம்பி பிரஷ்ஷால் செதிலைத் தேயுங்கள். சூடு குறைந்து, ஒரு சொட்டுத் தண்ணீர் சுர்ரென்று ஓடும் பதத்தில் துணியால் எண்ணெய் தடவுங்கள். தோசைக்கல் பழக்குவது போலத்தான். ஆளிவிதை எண்ணெய் நன்றாகக் காய்ந்து பிடிக்கும், நல்லெண்ணெயும் பரவாயில்லை. துணியை நீளமான குறடால் பிடியுங்கள், சில சமயம் பற்றிக்கொள்ளும்.

முதல் கொக்கி கோணலாகத்தான் வரும். பத்து செய்யுங்கள். ஐந்தாவதுக்கு மேல் இரண்டு சுருளும் ஒரே அளவில் வரத் தொடங்கும்.

தோசைத் திருப்பி

25 மி.மீ. அகலம், 6 மி.மீ. கனம் உள்ள எம்.எஸ். பட்டையில் 23 செ.மீ. வேண்டும். அதில் 8 செ.மீ. அலகு, 15 செ.மீ. பிடி. முதலில் அலகு. வெட்டாமல் நீளப் பட்டையாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

சப்பாத்திக் கட்டையை எந்தத் திசையில் உருட்டுகிறோமோ மாவு அந்தத் திசையில்தான் நீளும். சுத்தியும் அப்படித்தான். மெலிந்த மூக்குள்ள சுத்தி இருந்தால், மூக்கைப் பட்டையின் நீளவாக்கில் வைத்து அடியுங்கள். இரும்பு இரண்டு பக்கமும் அகலமாகும். உருண்டைத் தலை எல்லாப் பக்கமும் தள்ளும், கொஞ்சம் தாமதமானாலும் வேலை நடக்கும். நடுவிலிருந்து ஓரத்துக்கு வரிசையாக அடித்துப் போய், அந்தப் பள்ளங்களைத் தட்டை முகத்தால் சமன் செய்யுங்கள். அகலம் 5.5 செ.மீ. வரும்போது கனம் இரண்டரை மி.மீ. பக்கம் வந்திருக்கும். இதற்குப் பத்துப் பன்னிரண்டு காய்ச்சல் ஆகலாம். அவசரப்படாதீர்கள்.

அலகு மெலிந்தபின் சூடேறுவது கண்மூடித் திறப்பதற்குள் நடக்கும். என் முதல் திருப்பியின் ஒரு மூலை இப்படித்தான் போனது. கரிக்குள் செருகிவிட்டு வெற்றிலைப் பெட்டியைத் தேடிய ஆசாரிக்கு உதவப் போனேன். திரும்பி வந்தால் உலைக்குள் தீபாவளி. மூலையை வட்டமாக அரத்தால் ராவி, 'இப்படித்தான் செய்ய நினைத்தேன்' என்று சொல்லிக்கொண்டேன். மெல்லிய பகுதியைத் தீயின் நடுவில் வைக்காமல் கழுத்துப் பகுதியை வையுங்கள். சூடு தானாக அலகுக்கு ஓடிவரும்.

பிடிக்குப் பட்டையின் அகலத்தைப் பாதியாக்க வேண்டும். 25 மி.மீ. பக்கத்தை நிறுத்தி, குத்தாக அடியுங்கள். பட்டை பாம்புபோல் நெளியப் பார்க்கும். நாலு அடிக்கு ஒரு தடவை படுக்கப்போட்டுத் தட்டுங்கள். 15 செ.மீ. இரும்பு 30 செ.மீ. பிடியாக நீளும். கடைசியில் மாட்டுவதற்கு ஒரு வளையம். கொக்கி செய்தவருக்கு அது வேலையே இல்லை. கழுத்தில் லேசாக ஒரு வளைவு கொடுங்கள், தோசைக்கல்லில் கை சுடாமல் தோசைக்கடியில் நுழையும் அளவுக்கு. முன்விளிம்பை அரத்தால் ஒரு பக்கம் மட்டும் சரித்து ராவினால் தோசை ஒட்டாமல் கிளம்பும்.

இரவு முழுக்க வினிகரில் ஊறவைத்தால் செதில் கழன்றுவிடும். சோப்புப் போட்டுக் கழுவி, உடனே துடைத்து, எண்ணெய் தடவி தோசைக்கல்லோடு சேர்த்தே பழக்குங்கள்.

களைக்கொத்தி

இதற்கு மென்னிரும்பு போதாது. மண்ணும் கல்லும் ரெண்டே நாளில் முனையை மடக்கிவிடும். வண்டிகளின் ஸ்பிரிங் இரும்பு வேண்டும். லாரியின் கமான் பட்டையைத்தான் அரிவாளுக்கு எல்லாப் பட்டறையிலும் எடுப்பார்கள், ஆனால் அந்தக் கனத்தைத் தனியாளாக அடித்து மெலிய வைப்பது புதியவர் தோளுக்கு ஆகாது. பழைய இரும்புக் கடையில் கார் சுருள் ஸ்பிரிங் கேளுங்கள், கம்பி 12 மி.மீ. இருந்தால் நல்லது. கழற்றித் தனியாகக் கிடப்பதை மட்டும் வாங்குங்கள். ஷாக் அப்சார்பரோடு அமுக்கி மாட்டியிருப்பதை அறுத்தால் தெறித்து ஆளை அடித்துவிடும்.

இது நல்ல இரும்பு தானா என்று பார்க்க கிரைண்டரில் லேசாகத் தொடுங்கள். மென்னிரும்பின் பொறி நீளமாக, நேராக ஓடி அணையும். கார்பன் கூடின இரும்பின் பொறி சக்கரத்துக்குப் பக்கத்திலேயே கிளை கிளையாக வெடிக்கும்.

சுருளைக் காய்ச்சி நிமிர்த்தி 25 செ.மீ. துண்டு எடுங்கள். இதைப் பப்பாளி நிறத்தில்தான் அடிக்க வேண்டும். மஞ்சளுக்குப் போனால் இரும்புக்குள் இருக்கும் சன்ன மணிகள் பெருத்து உடையும், செவ்வாழையில் அடித்தால் விரிசல் விடும். வேலை நடுவில் தண்ணீரில் முக்கவே கூடாது. கண்ணாடிபோல் கீறல் விடும். ஒரு முனையை வேப்பிலை வடிவில் தட்டையாக விரித்து, கழுத்தில் வளைத்துக் கொத்தும் கோணத்துக்குக் கொண்டுவாருங்கள். மறுமுனையைச் சதுரக் கூராக இழுங்கள், அது கைப்பிடிக்குள் போகிற வால்.

பிறகு தோய்ச்சல். பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றைக் கம்பியில் கட்டித் தொங்கவிடுங்கள். இரும்பு சுமார் 770 டிகிரியைத் தாண்டினால் காந்தம் ஒட்டாது. இந்த ஒரு சோதனை பழக்கமில்லாத கண்ணுக்குப் பெரிய துணை. காந்தம் ஒட்டாத சூடு வரை ஏற்றி, காற்றில் தானாக ஆறவிடுங்கள். இப்படி மூன்று தடவை. அடி பட்டு முறுக்கிக் கிடக்கும் இரும்பு தளர்ந்துகொள்ளும்.

நாலாவது தடவை, காந்தம் விட்டபின் இன்னும் ஒரு சாயல் கூடுதலாக ஏற்றி, இலைப் பகுதியை எண்ணெய்க்குள் நேராக இறக்குங்கள். சமையல் எண்ணெய் 4 லிட்டர், கை பொறுக்கும் சூட்டில், மூடியுள்ள தகர டின்னில் இருக்க வேண்டும். பிளாஸ்டிக் வாளி கூடாது. தீப்பிடித்தால் மூடியைப் போட்டு அமுக்குங்கள். தண்ணீர் ஊற்றினால் எரியும் எண்ணெய் முகத்துக்கு வரும். பக்கவாட்டில் ஆட்டாமல் மேலும் கீழும் மட்டும் அசையுங்கள். ஆட்டினால் இலை கோணும்.

ஆறியதும் அரத்தால் உரசிப் பாருங்கள். அரம் கடிக்காமல் வழுக்கினால் பதம் ஏறிவிட்டது. ஆனால் இந்த நிலையில் கீழே போட்டாலே ஒடியலாம், ஆகவே கொஞ்சம் இறக்க வேண்டும். இலையை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, கழுத்துப் பக்கத்தை மட்டும் தீக்கு மேலே காட்டுங்கள். முதலில் வைக்கோல் மஞ்சள் ஓடிவரும், அடுத்துப் பழுப்பு, அடுத்துக் கத்தரிப்பூ நிறம், கடைசியில் நீலம். வெட்டும் கத்திக்கு வைக்கோல் மஞ்சள். களைக்கொத்திக்குக் கத்தரிப்பூ நுனிக்கு வந்து நீலமாகத் தொடங்கும்போது, ஏறக்குறைய 290 டிகிரி, எண்ணெயில் முக்கி நிறுத்துங்கள். கல்லில் பட்டாலும் வாய் பெயராது. தவறவிட்டு நீலம் சாம்பலாகிவிட்டால், மறுபடி காந்தச் சோதனையிலிருந்து தொடங்கலாம். எனக்கு மூன்று தடவை ஆனது.

ஆசாரிமார் எண்ணெய் வைப்பதில்லை. விளிம்பை மட்டும் தண்ணீரில் தோய்த்து, கல்லில் ஒரு உரசு உரசி, உள்ளே மிச்சமிருக்கும் சூடு ஓடிவருவதைப் பார்த்துக்கொண்டிருந்து, நிறம் வந்த நொடியில் முழுசாக முக்குவார்கள். பார்க்க மூச்சு விடுவதுபோல் எளிதாக இருக்கும். வருஷக்கணக்கில் பழகிய கண். நாம் அதைச் செய்தால் பத்தில் எத்தனை கீறல் விடும் என்று எண்ணிப் பார்க்கக்கூட மனம் வராது.

கைப்பிடிக் கட்டையில் வாலைவிடச் சிறிய துளை போடுங்கள். இலையில் ஈரத்துணியைச் சுற்றி, வாலை மட்டும் காய்ச்சித் துளைக்குள் அமுக்கினால் மரத்தைச் சுட்டுக்கொண்டு தன் அளவுக்கு இறங்கும். வெளியே எடுத்து ஆறவைத்து, மறுபடி தட்டி இறக்குங்கள். துணி காய்ந்தால் சூடு இலைக்கு ஏறிப் பதம் போய்விடும், அடிக்கடி நனையுங்கள்.

உலையை அணைக்கும் போது

கரியைக் கிளறிப் பரப்பி, தண்ணீரை ஊற்றாமல் தெளியுங்கள்; சூடான மண் உலையில் வாளியைக் கவிழ்த்தால் கட்டிய உலை இரண்டாகும். அடியில் கண்ணாடிபோல் உருகிக் கட்டியாகக் கிடக்கும் கிட்டத்தைக் கம்பியால் நெம்பி எடுத்துவிடுங்கள்; விட்டுவிட்டால் அடுத்த நாள் காற்றை அடைக்கும். பாதி எரிந்த கரியைத் தனியே காயவையுங்கள். மறுநாள் தீ மூட்ட அதுதான் சீக்கிரம் பற்றும். அணைத்துவிட்டு வீட்டுக்குப் போய்க் குளித்துச் சாப்பிட்டபின், டார்ச்சை எடுத்துக்கொண்டு ஒரு தடவை வந்து சாம்பலைக் கிளறிப் பாருங்கள்.